வயரா, வைஃபையா, மெஷ்ஷா? வீட்டு நெட்வொர்க்கில் எதை எங்கே வைப்பது

இணையம் வீட்டுக்குள் ஏதோ ஒரு மூலையில் வந்து இறங்குகிறது. ரவுட்டரும் அங்கேயே இருக்கிறது. கணினி ஓர் அறையில், டிவி இன்னோர் அறையில், கைப்பேசிகள் எல்லா இடத்திலும். ரவுட்டரிலிருந்து இவற்றுக்கு எப்படிப் பாதை போடுவது? கேபிள் இழுக்கலாம். ரவுட்டரின் வைஃபையே போதும் என்று விட்டுவிடலாம். வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை நடுவில் மாட்டலாம். இரண்டு மூன்று பெட்டிகளாக வந்து, ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் மெஷ் வாங்கலாம். சுவருக்குள் ஓடும் மின்சார வயரிலேயே டேட்டாவை ஏற்றும் பவர்லைன் அடாப்டரும் இருக்கிறது. பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடந்தால் அதை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் பெட்டியாக, மாற்றிக்கொள்ளலாம்.

பெரும்பாலும் பெட்டிமேல் அச்சிட்ட மெகாபிட் எண்ணைப் பார்த்துத்தான் முடிவு எடுக்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் கேட்க வேண்டியது வேறு. இந்தப் பாதையை எத்தனை சாதனங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன? ஒரு பாக்கெட், அதாவது டேட்டாவின் ஒரு சிறு பொட்டலம், கிளம்பும் முன் யார் யாருக்கு வழிவிட வேண்டும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் மேலே சொன்ன ஆறில் எது எங்கே பொருந்தும் என்பது பிடிபட்டுவிடும். நெட்வொர்க்கிங் இப்போதுதான் படிக்கத் தொடங்கியவர்களுக்கும் இது நல்ல நுழைவாயில். ஸ்விட்ச், மேக் முகவரி, டிஎச்சிபி, நாட் என்று பாடத்தில் தனித்தனி அத்தியாயமாக வருபவை எல்லாம் இந்த ஒரு முடிவுக்குள் வந்துவிடுகின்றன.

ரவுட்டருக்கு ஒரு பிங்

எதையும் வாங்கும் முன் அளந்து பாருங்கள். மடிக்கணினியைக் கேபிளால் ரவுட்டரில் இணைத்து, ரவுட்டரின் முகவரிக்கு பிங் கொடுங்கள். பல வீட்டு ரவுட்டர்களில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். கணினியின் நெட்வொர்க் விவரத்தில் ‘டீஃபால்ட் கேட்வே’ என்று காட்டுவதும் அதைத்தான். பிங் செய்வது எளிய வேலை. ‘இருக்கிறாயா’ என்று ஒரு சிறு பாக்கெட்டை அனுப்புகிறது, பதில் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டுகிறது. கேபிளில் அது வழக்கமாக 1 மில்லிவிநாடிக்குள் அடங்கிவிடும். நூறு முறை அனுப்பினாலும் கிட்டத்தட்ட அதே எண்தான் வரும்.

இப்போது கேபிளைக் கழற்றிவிட்டு, இணையம் படுத்தும் அந்த அறைக்குப் போய் வைஃபையில் அதையே செய்யுங்கள். 3, 2, 4, 3, 58, 3, 2, 110, 5 என்கிற மாதிரி ஒரு வரிசை வரலாம். இதன் சராசரி 21 மில்லிவிநாடி. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் தொல்லை கொடுப்பது அந்த 58-ம் 110-ம்தான். இணையவழி அழைப்பில் குரலைப் பொதுவாக 20 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட்டாக நறுக்கி அனுப்புகிறார்கள். ஒரு பாக்கெட் வழியில் 100 மில்லிவிநாடி மாட்டிக்கொண்டால், பின்னால் வரும் ஐந்து பாக்கெட்டுகளும் சேர்ந்து தேங்கும். கேட்பவர் பக்கத்துச் செயலி கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொண்டு சமாளிக்கும். அதையும் தாண்டினால் குரல் வெட்டி வெட்டி வரும். இந்த ஏற்ற இறக்கத்துக்குத்தான் ஜிட்டர் என்று பெயர்.

படம் பார்ப்பவருக்கு இதே நெட்வொர்க்கில் எந்தக் குறையும் தெரியாது. வீடியோ செயலி பல விநாடிக்கான காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதால் 110 மில்லிவிநாடி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ‘படம் நன்றாக ஓடுகிறது, அழைப்புதான் விட்டு விட்டு வருகிறது’ என்று யாராவது சொன்னால் வேகத்தைக் கூட்டிப் பயனில்லை என்று அங்கேயே புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு விஷயத்தையும் இந்த இடத்திலேயே பிரித்துவிட வேண்டும். கேபிளில் ரவுட்டருக்குப் போகும் பிங் சீராக இருக்கிறது. ஆனால் வீட்டில் யாராவது பெரிய கோப்பை மேலேற்றும்போது, வெளியே உள்ள ஒரு சர்வருக்குப் போகும் பிங் மட்டும் நூற்றுக்கணக்கில் ஏறுகிறது. அப்படியானால் தாமதம் பெரும்பாலும் ரவுட்டர் இணையத்துக்கு அனுப்பும் இடத்தில், அதன் வரிசையில் குவிகிறது. பஃபர்ப்ளோட் என்று இதைச் சொல்வார்கள். எத்தனை மெஷ் பெட்டி வாங்கினாலும் இது தீராது. வரிசையை நன்றாக நிர்வகிக்கும் ரவுட்டர் வேண்டும். எஃப்கியூ-கோடல் போன்ற முறை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டுக்குள் இருக்கும் பிரச்சினைக்கும் வெளியில் இருக்கும் பிரச்சினைக்கும் மருந்து ஒன்றல்ல.

ஒரே வேர், இரண்டு கிளை

வைஃபை ஏன் இப்படித் தடுமாறுகிறது, கேபிள் ஏன் தடுமாறுவதில்லை என்பதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது. 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சனும் அவருடைய குழுவினரும் அலோஹாநெட் என்ற வானொலி நெட்வொர்க்கை இயக்கினார்கள். தீவுகளில் சிதறிக் கிடந்த முனையங்கள் எல்லாம் ஒரே சேனலைப் பங்கு போட்டு மையக் கணினியோடு பேசின. விதி மிக எளிது: அனுப்ப வேண்டும் என்றால் அனுப்பிவிடு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் கெட்டுப்போகும், ‘கிடைத்தது’ என்ற ஒப்புதல் வராது. கொஞ்ச நேரம் ஏதோ ஓர் அளவுக்குப் பொறுத்துவிட்டு மறுபடி அனுப்பு. வேலை செய்தது, ஆனால் மோதல்களால் சேனலின் முழுத்திறனில் சுமார் 18 சதவீதத்துக்குமேல் பயன்படுத்த முடியாது என்பது அந்த முறையின் கணித வரம்பு.

1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் இருந்த ராபர்ட் மெட்காஃப் இந்த யோசனையை ஒரு கேபிளுக்குள் கொண்டுவந்தார். இரண்டு திருத்தங்கள். பேசும் முன் கேள். மோதல் என்று தெரிந்தால் உடனே நிறுத்து. அதுதான் ஈத்தர்நெட். முதல் ஈத்தர்நெட்டின் வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட். 1983-இல் அது 802.3 என்ற தரமாக வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தக் காலத்து ஈத்தர்நெட்டும் பங்கு போட்ட பாதைதான். ஒரே கேபிளில் எல்லாக் கணினிகளும் தொங்கும். பிற்பாடு வந்த ஹப்பும் அப்படியே: ஒரு துளையில் வந்த மின்குறியை மற்ற எல்லாத் துளைகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பும். 1990-களில் ஸ்விட்ச் பரவியபோதுதான் எல்லாம் மாறியது. பாக்கெட்டைச் சுமந்து வரும் உறைக்கு ஃபிரேம் என்று பெயர். ஸ்விட்ச் ஒவ்வொரு ஃபிரேமையும் வாங்கிப் படிக்கிறது. அனுப்பும் சாதனத்தை அடையாளம் காட்டும் 48 பிட் மேக் முகவரியைப் பார்த்து, ‘இவர் இந்தத் துளையில் இருக்கிறார்’ என்று தன் அட்டவணையில் எழுதிக்கொள்கிறது. பெறுபவரின் முகவரி அட்டவணையில் இருந்தால் அந்தத் துளைக்கு மட்டும் தள்ளுகிறது. இல்லையென்றால் எல்லாத் துளைக்கும் அனுப்பிப் பார்க்கிறது. யாரும் எதையும் அமைக்க வேண்டியதில்லை. செருகியதும் தானே கற்றுக்கொள்ளும்.

இதன் விளைவு பெரியது. ஸ்விட்ச்சுக்கும் கணினிக்கும் இடையில் உள்ள கேபிளில் இப்போது இரண்டே பேர். போவதும் வருவதும் ஒரே நேரத்தில் நடக்கலாம். மோதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. மோதலைக் கண்டுபிடிக்கும் பழைய விதி பாடப்புத்தகத்தில் இன்னும் இருக்கிறது, வீட்டுக் கேபிளில் அதற்கு வேலை கிடையாது. படிப்பவர்களுக்கு நான் சொல்வது: அந்தப் பாடத்தைத் தள்ளிவிடாதீர்கள். கேபிளுக்குத் தேவைப்படாமல் போன ‘பேசும் முன் கேள்’ என்ற முறை, சற்றே வேறு வடிவில், வைஃபையில் அன்றாடம் நடந்துகொண்டிருக்கிறது.

காற்றில் காத்திருக்கும் நேரம்

காற்றை ஆளுக்கொரு கேபிளாகப் பிரிக்க முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. வைஃபை சாதனம் அனுப்பிக்கொண்டிருக்கும்போது அதன் சொந்த ஒலிபரப்பே அதன் ஆன்டெனாவை நிரப்பிவிடுவதால், வேறொருவர் குறுக்கே அனுப்புவது அதற்குக் கேட்காது. மோதலைக் கண்டுபிடிக்க முடியாது; தவிர்க்கத்தான் பார்க்க முடியும். அதனால் 1997-இல் வைஃபைக்காக வந்த முதல் 802.11 தரத்திலிருந்தே விதி இப்படி இருக்கிறது: கேள், பொறு, அனுப்பு, ஒப்புதலுக்குக் காத்திரு.

இந்தப் ‘பொறு’ எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் அடிப்படை முறையில், சேனல் காலிதானா என்று 34 மைக்ரோவிநாடி கேட்க வேண்டும். அப்புறம் 0 முதல் 15 வரை ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் 9 மைக்ரோவிநாடி பொறுக்க வேண்டும். சராசரி எண் 7.5 என்றால் அது 67.5 மைக்ரோவிநாடி. இரண்டையும் கூட்டினால் சுமார் 100. தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு சாதனம், போட்டிக்கு வேறு யாருமே இல்லாத சேனலில்கூட, ஒவ்வொரு முறையும் இந்த நேரத்தைச் செலவழிக்கிறது. 1500 பைட் சுமக்கும் முழு ஃபிரேம் ஒன்று ஜிகாபிட் கேபிளில் போக, தலைப்பும் இடைவெளியும் சேர்த்து, 12 மைக்ரோவிநாடி சொச்சம் ஆகும். வைஃபை வாய் திறப்பதற்குள் கேபிளில் எட்டு ஃபிரேம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இது நல்ல நாள் கணக்கு. ஒப்புதல் வரவில்லை என்றால் குலுக்கும் எண்ணின் எல்லை 15-லிருந்து 31, 63 என்று இரட்டித்துக்கொண்டே போகும், உச்சவரம்பு 1023. பக்கத்து வீட்டு வைஃபை அதே சேனலில் இருந்தால் அவர்களுக்கும் வழிவிட வேண்டும். வேறு நெட்வொர்க், வேறு கடவுச்சொல் என்பதெல்லாம் காற்றுக்குத் தெரியாது. அப்புறம், பேட்டரியைச் சேமிக்கக் கைப்பேசி தன் ரேடியோவைத் தூங்க வைக்கும். அதற்கு வரும் பாக்கெட்டுகளை ரவுட்டர் கையில் வைத்துக்கொண்டு, வழக்கமாக 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை அனுப்பும் பீக்கன் என்ற அறிவிப்பில் ‘உனக்கு ஒன்று வந்திருக்கிறது’ என்று சொல்லும். கைப்பேசிக்குப் பிங் கொடுத்தால் இடையிடையே 100-ஐ ஒட்டிய எண்கள் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இத்தனை காத்திருப்போடு வேகச் சோதனையில் மட்டும் பல நூறு மெகாபிட் எப்படி வருகிறது? 2009-இல் வந்த 802.11என் முதற்கொண்டு, ஒருமுறை காத்திருந்து பல ஃபிரேம்களை ஒரே கட்டாக அனுப்பும் வசதி இருக்கிறது. பெரிய கோப்பு இறங்கும்போது கட்டுவதற்கு நிறைய ஃபிரேம் கிடைக்கும்; காத்திருந்த நேரம் பரவலாகிப் போகும். குரல் அழைப்பிலும் விளையாட்டிலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சிறு பாக்கெட்தான் கையில் இருக்கும். அதற்குக் கட்டும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. வேகச் சோதனை நன்றாக இருந்தும் விளையாட்டு தடுமாறுவது இதனால்தான்.

தூரத்தில் இருக்கும் ஒரு சாதனம் எல்லோரையும் எப்படி இழுத்துப் பிடிக்கிறது என்பதும் இதே கணக்குதான். 1500 பைட் என்பது 12,000 பிட். 600 மெகாபிட் வேகத்தில் இணைந்திருக்கும் மடிக்கணினிக்கு அதை அனுப்ப 20 மைக்ரோவிநாடி போதும். மூன்று சுவருக்கு அப்பால் 6 மெகாபிட்டில் தொங்கிக்கொண்டிருக்கும் கேமராவுக்கு அதே பைட்டுகளை அனுப்ப 2000 மைக்ரோவிநாடி வேண்டும். நூறு மடங்கு நேரம் சேனல் அடைபட்டுக் கிடக்கிறது. ‘எனக்கு சிக்னல் முழுதாக இருக்கிறதே, ஏன் மெதுவாக இருக்கிறது’ என்று கேட்பவர்கள் தங்கள் சாதனத்தை மட்டும் பார்க்கக் கூடாது. வீட்டிலேயே மோசமான சிக்னலில் இருப்பது எது என்று தேட வேண்டும். அந்தக் கேமராவுக்கு ஒரு கேபிள் போட்டுவிட்டால் மற்ற எல்லோருக்கும் வைஃபை தேறிவிடும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிதான்; வைஃபைக்குத் தேவையோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். ஆகவே ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை 1, 6, 11 என்ற மூன்று மட்டுமே. பக்கத்தில் கூட்டம் அதிகம் என்று சேனல் 3-க்குப் போனால் 1-இல் இருப்பவர்களுக்கும் 6-இல் இருப்பவர்களுக்கும் சேர்த்துத் தொல்லை. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். ஆனால் சுவர் அதை அதிகமாகத் தின்னும். வைஃபை 6-இல் ஒரே ஒலிபரப்பைப் பல சாதனங்களுக்குப் பகிர்ந்து தரும் ஓஎஃப்டிஎம்ஏ இருக்கிறது. நல்ல முன்னேற்றம்தான், பலன் கிடைக்க எதிர்முனையில் இருக்கும் சாதனங்களும் வைஃபை 6 ஆக இருக்க வேண்டும்.

பெட்டிமேல் இருக்கும் எண்

ஏஎக்ஸ்3000 என்று எழுதியிருந்தால் அது 2.4 கிகாஹெர்ட்ஸின் 574 மெகாபிட்டையும் 5 கிகாஹெர்ட்ஸின் 2402 மெகாபிட்டையும் கூட்டி, முழுதாக்கிய எண். வைஃபை 6 கைப்பேசி பொதுவாக ஒரு நேரத்தில் இந்த இரண்டு அலைவரிசைப் பட்டைகளில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். அந்த 2402-க்கு 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் வேண்டும். சாதனம் 80 மட்டுமே தாங்கினால் அது 1201 ஆகிவிடும். அதுவும் இணைப்பு வேகம்தான். காத்திருப்பு, ஒப்புதல் எல்லாம் கழித்துக் கைக்கு வருவது அதைவிட நன்றாகவே குறைவு. அந்த மிச்சத்தையும் போவதும் வருவதும் எல்லாச் சாதனங்களுமாகப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

ஜிகாபிட் கேபிளில் கோப்பு ஒன்றை அனுப்பினால் 940 மெகாபிட் அளவுக்கு வரும். அதே நேரத்தில் எதிர்த்திசையிலும் அதே அளவு. பக்கத்துத் துளையில் இருப்பவர் என்ன செய்தாலும் இது குறையாது.

கேபிள் போடுவதென்றால்

அசையாமல் ஓரிடத்தில் இருக்கும் எதற்கும் கேபிள்தான் என் முதல் பதில். மேசைக் கணினி, டிவி, விளையாட்டுப் பெட்டி, கோப்புகளைச் சேமிக்கும் சர்வர், கேமரா எல்லாம் இதில் அடங்கும். ஒவ்வொன்றையும் கேபிளுக்கு மாற்றும்போது, நகர்ந்துகொண்டே இருக்கும் கைப்பேசிகளுக்குக் காற்றில் அந்த அளவு இடம் கிடைக்கிறது.

எந்தக் கேபிள் என்று நீண்ட நேரம் குழம்ப வேண்டாம். கேட் 5இ 100 மீட்டர் வரை ஜிகாபிட்டைத் தாங்கும். 2016-இல் வந்த 2.5 ஜிகாபிட் தரத்தையும் அதே 100 மீட்டருக்குத் தாங்கும்படிதான் வகுத்திருக்கிறார்கள். கேட் 6-இல் 10 ஜிகாபிட் சுமார் 55 மீட்டர் வரை போகும். கேட் 6ஏ என்றால் 100 மீட்டர். சுவருக்குள் புதைப்பதாக இருந்தால் கேட் 6 போட்டுவிடுங்கள், மறுபடி உடைக்க வேண்டியிருக்காது. வெளியே சுவரோரமாக ஓட்டுவதற்குக் கேட் 5இ போதும். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் உலோகம். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கம்பியைத் தவிர்த்து, முழுச் செம்புக் கம்பியாக வாங்குங்கள்.

கேபிள் போட்டும் வேகம் 95 மெகாபிட்டைத் தாண்டவில்லையா? பெரும்பாலும் குற்றவாளி கேபிள் முனைதான். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். எட்டுக் கம்பியில் ஒன்று சரியாகக் கடிக்காவிட்டால் பல சாதனங்கள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணையம் வேலை செய்யும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கணினியில் இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா 100 என்று காட்டுகிறதா என ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஒரே ஓர் எச்சரிக்கை. ஒரு கேபிளின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகிவிடாதீர்கள். ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் என்று ஓர் ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைந்து, பூஜ்யமானதும் செத்துவிடும். ஈத்தர்நெட் ஃபிரேமுக்கு அப்படி எதுவும் இல்லை. எல்லோருக்குமாக அனுப்பப்பட்ட ஒரு ஃபிரேம் அந்த வளையத்தில் மாட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கும், பெருகிக்கொண்டே போகும், சற்று நேரத்தில் மொத்த நெட்வொர்க்கும் முடங்கும். இதைத் தடுக்க ராடியா பெர்ல்மன் 1985-இல் உருவாக்கியது ஸ்பேனிங் ட்ரீ. அலுவலக ஸ்விட்ச்சுகளில் அது இருக்கும், வீட்டுக்கு வாங்கும் சின்ன ஸ்விட்ச்சுகள் பலவற்றில் இருக்காது.

ரிப்பீட்டர், மெஷ், பவர்லைன்

ரிப்பீட்டர் மலிவு, மாட்டுவதும் எளிது. ஆனால் ஒரே ரேடியோவில் வாங்கி அதே சேனலில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் ஒவ்வொரு ஃபிரேமும் காற்றில் இரண்டு முறை போகிறது. வேகம் பாதியாவது உறுதி, காத்திருப்பும் இரட்டிப்பு. போதாததற்கு, பலர் அதைச் சிக்னல் செத்த இடத்தில் கொண்டுபோய் மாட்டுகிறார்கள். அங்கே அதற்கே நல்ல சிக்னல் கிடைக்காது. கைப்பேசியில் கோடுகள் முழுதாகத் தெரியும், டேட்டா வராது. ரவுட்டருக்கும் பிரச்சினை அறைக்கும் நடுவில், சிக்னல் இன்னும் தெம்பாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். எப்போதாவது செய்தி பார்க்க, பாட்டு கேட்க என்றால் ரிப்பீட்டர் போதும். தினமும் அழைப்பில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டிய அறைக்கு நான் சொல்ல மாட்டேன்.

மெஷ் என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் கைப்பேசிகளோடு பேசவும் அதே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவையே நம்பியிருந்தால், அது நிர்வாகம் நன்றாக உள்ள ரிப்பீட்டர்தான். பெட்டிகளுக்கு இடையே பேச மட்டும் தனி ரேடியோ இருந்தால் கதை வேறு. அந்தப் பாதையில் கைப்பேசிகள் குறுக்கே வராது. பேக்ஹால் என்பது அந்தப் பாதையின் பெயர். வாங்கும்போது மொத்த மெகாபிட்டைக் கேட்காமல், பேக்ஹாலுக்குத் தனி ரேடியோ உண்டா, பெட்டியில் கேபிள் துளை உண்டா என்று கேளுங்கள். கேபிளால் இணைத்த மெஷ்தான் இருப்பதிலேயே நல்ல மெஷ்.

மெஷ்ஷின் உண்மையான பலம் நடந்துகொண்டே பேசுபவர்களுக்கு. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு எப்போது மாறுவது என்பதை முடிவு செய்வது கைப்பேசிதான், ரவுட்டர் அல்ல. சில கைப்பேசிகள் தூரத்துப் பெட்டியையே பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். 802.11-இல் கே, வி, ஆர் என்ற மூன்று துணைத் தரங்கள் இருக்கின்றன: பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல ஒன்று, ‘அங்கே போ’ என்று யோசனை சொல்ல ஒன்று, மாறும் நேரத்தைச் சுருக்க ஒன்று. மெஷ் பெட்டிகளில் இவை எந்த அளவுக்கு இருக்கின்றன என்று பார்த்து வாங்குங்கள்.

பவர்லைனைப் பற்றிச் சுருக்கமாக. இதுவும் பங்கு போட்ட பாதைதான். ஒரே மின்வயரில் இருக்கும் அடாப்டர்கள் எல்லாம் முறைவைத்துப் பேசுகின்றன. மோட்டார், சார்ஜர் இவற்றின் இரைச்சலும் கூடவே ஓடுகிறது. அலைக்காப்பு உள்ள நீட்டிப்புப் பலகையில் செருகினால் சிக்னலை அதுவே வடிகட்டிவிடும், நேராகச் சுவரில் செருக வேண்டும். கனத்த சுவரால் வைஃபை அறவே புகாத, கேபிளும் இழுக்க முடியாத அறைக்கு இது கைகொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு வீட்டின் வயரிங்கும் ஒரு மாதிரி என்பதால், திருப்பிக் கொடுக்க வழி இருந்தால் மட்டும் வாங்கிப் பாருங்கள்.

பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக்கும்போது

செலவு குறைந்த, பலன் நிறைந்த வழி இது. கேபிள் ஒன்று அந்த அறைவரை வந்துவிட்டால் பழைய ரவுட்டர் அங்கே நல்ல வைஃபை கொடுக்கும். ஆனால் அப்படியே செருகினால் இரண்டு தொல்லைகள் வரும். இரண்டுமே நெட்வொர்க்கிங் படிப்பவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவை.

முதலாவது, வெளி இணைப்புக்கான வான் துளையில் கேபிளைச் செருகுவது. பழைய ரவுட்டர் தன்னை இன்னொரு எல்லைக் காவலன் என்று நினைத்துக்கொண்டு, தனக்குப் பின்னால் தனி நெட்வொர்க் ஒன்றை அமைத்துவிடும். வீட்டுக்குள் புழங்கும் 192.168 வகை முகவரிகள் இணையத்தில் செல்லாது. வெளியே போகும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அவற்றை நீக்கி, ரவுட்டர் தன் முகவரியை எழுதி அனுப்புகிறது; பதில் வந்ததும் யாருக்கு உரியது என்று குறிப்பைப் பார்த்துக் கொடுக்கிறது. இதுதான் நாட். இப்போது இது இரண்டு முறை நடக்கும். வலைப்பக்கங்கள் திறக்கும், ஆனால் ஒரு பக்கத்துக் கைப்பேசியிலிருந்து இன்னொரு பக்கத்து டிவியையோ பிரின்டரையோ கண்டுபிடிக்க முடியாது. சில விளையாட்டுகளும் மக்கர் செய்யும்.

சரி, வான் துளையை விட்டுவிட்டு உள்பக்க லேன் துளையில் செருகுகிறீர்கள். இப்போது இரண்டாவது தொல்லை. புதிதாகச் சேரும் சாதனம் ‘எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். அதற்குப் பதில் சொல்வது டிஎச்சிபி சர்வர். ஒரே நெட்வொர்க்கில் இப்போது இரண்டு டிஎச்சிபி சர்வர்கள்! யார் பதிலை அந்தச் சாதனம் ஏற்கும் என்று சொல்ல முடியாது. பழைய ரவுட்டர் முந்திக்கொண்டால் அது தன்னையே கேட்வே என்று சொல்லிக் கொடுக்கும். அதற்கோ வெளியே வழியில்லை. காலையில் வேலை செய்த கைப்பேசி மாலையில் ‘இணைக்கப்பட்டுள்ளது, இணையம் இல்லை’ என்று காட்டும். ஒரு கைப்பேசியில் வரும், இன்னொன்றில் வராது. காரணம் தெரியாதவர்கள் ரவுட்டரையே மாற்றிவிடுவார்கள்.

ரவுட்டரின் அமைப்பில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும், எல்லாம் முடிந்தது. இல்லையென்றால் கையால் செய்யலாம். முதலில் பழைய ரவுட்டரை மட்டும் தனியாகக் கணினியில் இணைத்து, அதன் லேன் முகவரியை முதன்மை ரவுட்டர் வழங்கும் முகவரி எல்லைக்கு வெளியே, ஆனால் அதே நெட்வொர்க்குக்குள் வையுங்கள். உதாரணமாக முதன்மை ரவுட்டர் 192.168.1.1, அது 100 முதல் 200 வரை வழங்குகிறது என்றால் இதற்கு 192.168.1.2. அடுத்து டிஎச்சிபியை அணையுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் பாதுகாப்பு வகையும் முதன்மை ரவுட்டரில் உள்ளதைப் போலவே இருக்கட்டும். சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும், அங்கே 1 என்றால் இங்கே 6 அல்லது 11. கடைசியாக லேன் துளையில் கேபிளைச் செருகுங்கள். இனி அது ரவுட்டர் அல்ல. ஒரு ஸ்விட்ச்சும் ஓர் ஆன்டெனாவும்தான்.

டிபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறைகூட இல்லாத அளவுக்குப் பழைய ரவுட்டர் என்றால் இந்த வேலைக்கும் எடுக்க வேண்டாம்.

நான் தேர்ந்தெடுக்கும் வரிசை

சிறிய வீடு, ரவுட்டரை நடுவில் வைக்க முடிகிறது என்றால் எதையும் வாங்க வேண்டாம். ரவுட்டரை அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்து, உயரத்தில் வைத்து, சேனலைச் சரிபார்த்து, மேசைக் கணினிக்கும் டிவிக்கும் கேபிள் போட்டாலே பல வீடுகளில் தீர்ந்துவிடும்.

சுவரைத் தொடவே கூடாத வாடகை வீடு என்றால், சுவரோரமாகத் தட்டையான கேபிள் ஓட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியவே முடியாது என்றால்தான் தனிப் பேக்ஹால் ரேடியோ உள்ள மெஷ். இரண்டு பெட்டியில் தொடங்குங்கள். மூன்றாவது பெட்டி இரண்டாவதன் வழியாகத் தாவித்தான் ரவுட்டரை அடைய வேண்டியிருந்தால், அந்த ஒவ்வொரு தாவலுக்கும் காற்றில் நேரம் போகும்.

இரண்டு மூன்று மாடி உள்ள சொந்த வீடு, அல்லது கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் கேபிளைத் தவிர வேறெதையும் யோசிக்க மாட்டேன். ஒவ்வொரு மாடிக்கும் ரவுட்டர் இருக்கும் இடத்திலிருந்து கேபிள், கூரையில் ஓர் ஆக்சஸ் பாயின்ட். மின்சாரத்தையும் அதே கேபிளில் அனுப்பும் பிஓஇ ஸ்விட்ச் ஒன்று இருந்தால் கூரைக்குத் தனியாக பிளக் பாயின்ட் வேண்டாம். 2003-இல் வந்த முதல் பிஓஇ தரத்திலேயே ஒரு துளைக்கு 15.4 வாட் உண்டு, சாதாரண ஆக்சஸ் பாயின்ட்டுகள் பலவற்றுக்கு அது போதும்.

நடைமுறையில் அதிகம் எதிர்ப்படுவது இவை எதுவும் அல்ல: ஒரே ஒரு கேபிள்தான் இழுக்க முடியும் என்ற நிலை. அதை எங்கே கொண்டுபோவது? டிவிக்கா, கணினிக்கா என்று வீட்டில் வாக்குவாதம் நடக்கும். இரண்டுக்கும் வேண்டாம். ரவுட்டரின் சிக்னல் தேய்ந்துபோகும் பகுதியின் நடுவே எந்த இடம் வருகிறது என்று பார்த்து, கேபிளை அங்கே இறக்குங்கள். அதன் முனையில் ஐந்து துளையுள்ள ஒரு சின்ன ஜிகாபிட் ஸ்விட்ச். அதிலிருந்து ஒரு துளை ஆக்சஸ் பாயின்ட்டுக்கு, ஒன்று டிவிக்கு, ஒன்று கணினிக்கு. இம்மூன்றும் ரவுட்டர்வரை ஒரே கேபிளைத்தான் பங்கு போடுகின்றன. ஆனால் அது இரு திசையிலும் தலா 1 ஜிகாபிட் கேபிள். உங்கள் இணைய இணைப்பு அதைவிடக் குறைவாக இருக்கும்வரை அந்தப் பங்கீடு யாருக்கும் தெரியப்போவதில்லை.